74ஆம் கேள்வியும் பான்கிராஃப்ட் பரிசும்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த நாட்களில் இந்த நாட்டின் வரலாறு முழுவதும் என் கைப்பைக்குள் இருந்தது. நூறு கேள்வி, நூறு விடை, ஒரு சின்னக் கையேடு. பேருந்தில் படிப்பேன். மகளின் நீச்சல் வகுப்பு முடியக் காத்திருக்கும்போது படிப்பேன். அப்போது நேர்காணலில் பத்து கேள்வி வரை கேட்டார்கள், ஆறு சரியாக இருந்தால் போதுமாக இருந்தது. அந்த நூறில் 74ஆவது கேள்வியில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போருக்கு இட்டுச் சென்ற பிரச்சினைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடை மூன்று கொடுத்திருந்தார்கள்: அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள். மூன்றில் எதைச் சொன்னாலும் சரி.

ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன போர் அது. கிளி சீட்டு எடுப்பதுபோல மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்களே என்று இருந்தது. தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை. நான் தேறினேன், உறுதிமொழி எடுத்தேன், கொடியும் சான்றிதழும் கையில் கொடுத்தார்கள். ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த நாட்டின் கதை இனி எனக்கும் சொந்தம் என்றால், அதில் நடந்த குற்றங்களும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் ஊர் மாசசூசெட்ஸில் வூஸ்டர் பக்கம். அந்த வாரமே ஊர் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த வயதான நூலகர் அம்மாவிடம் கேட்டேன்: "வரலாற்றுப் புத்தகம் ஆயிரம் இருக்கிறது. எதை நம்பிப் படிப்பது?" அவர் ஒரு துண்டுத்தாளில் 'பான்கிராஃப்ட்' என்று எழுதிக் கொடுத்தார். "புலிட்சரை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பரிசு வரலாற்று ஆசிரியர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது. இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்" என்றார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பட்டியலை நான் இன்னும் முடிக்கவில்லை.

பரிசுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புலிட்சர் பரிசில் அமெரிக்க வரலாற்றுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 1917இல் அதை முதன்முதலில் வாங்கியவர் ஒரு வெளிநாட்டுக்காரர், வாஷிங்டனில் பிரான்ஸின் தூதராக இருந்த ஜூல் ஜூஸராண். 1919, 1984, 1994 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பிரிவில் யாருக்குமே பரிசு கொடுக்கவில்லை. முதல் பெண்ணாக மார்கரெட் லீச் அதை வாங்க 1942 வரை ஆனது. வரலாற்று நூல்களுக்கான லிங்கன் பரிசும் ஜார்ஜ் வாஷிங்டன் பரிசும் ஐம்பதாயிரம் டாலர் கொடுப்பவை. அடிமைமுறை பற்றிய ஆய்வுக்கென்றே பிரெடரிக் டக்ளஸ் பரிசு இருக்கிறது. அதை வழங்குவது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஓர் ஆய்வு மையம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு. அவர் அமர்ந்திருக்க, கழுத்தில் உலோகப் பட்டை மாட்டிய ஒரு கறுப்பினச் சிறுவன் பக்கத்தில் நிற்கும் ஓவியம் ஒன்று அங்கேயே இருக்கிறது.

பான்கிராஃப்ட் பரிசு பண அளவில் சிறியது. இப்போது பத்தாயிரம் டாலர். கொலம்பியா பல்கலைக்கழகம் 1948 முதல் கொடுத்துவருகிறது, பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு புத்தகங்களுக்கு. இருநூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போட்டிக்கு வரும். வரலாற்று ஆசிரியர்கள் அடங்கிய சிறிய நடுவர் குழு அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும். வசந்தகாலத்தில் ஒரு விருந்து வைத்துக் கொடுப்பார்கள். தொலைக்காட்சியில் வராது. புத்தக அட்டையில் ஒட்டும் வில்லையைக்கூடப் பலர் கவனிக்க மாட்டார்கள்.

பரிசுக்குப் பணம் விட்டுப்போன பிரெடரிக் பான்கிராஃப்டைப் பற்றி முதலில் படித்தபோதே எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. 1860இல் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் ஊரில் பிறந்தவர். அடிமைமுறையை எதிர்த்தவர்களின் ஊர் என்று பெயர் பெற்றது அது. கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கினார். வெளியுறவுத் துறையில் நான்கு வருடம் நூலகராக இருந்தார். அமெரிக்கத் தெற்கின் முழு வரலாற்றையும் எழுத வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் குறிப்புகள் சேர்த்தார். அந்தப் பெரிய நூல் முடியவே இல்லை. அதிலிருந்து ஒரு துண்டு மட்டும் 1931இல் புத்தகமாக வந்தது: தெற்கில் நடந்த அடிமை வணிகத்தைப் பற்றியது.

அந்தப் புத்தகம் வந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அடிமைமுறை பற்றிப் பேசினால் அதிகம் மதிக்கப்பட்டவர் யூ.பி. ஃபிலிப்ஸ். பண்ணை முதலாளிகள் தயாள குணமுள்ளவர்கள், பண்ணை ஒரு பள்ளிக்கூடம் மாதிரி, அடிமைகளை விற்பது அவர்களுக்கு மனமில்லாத காரியம் என்கிற தொனியில் எழுதியவர். அவருடைய நூலுக்கு ஒரு பதிப்பகம் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் பரிசும் கொடுத்திருந்தது. பான்கிராஃப்ட் பழைய செய்தித்தாள் விளம்பரங்களையும் நகரங்களின் முகவரிப் புத்தகங்களையும் தோண்டி எடுத்தார். தெற்கில் பயணம் செய்து, அடிமைகளாக இருந்தவர்களிடமே பேசினார். விற்பனை எங்கோ ஒரு மூலையில் நடந்ததல்ல, ஊரின் நடுத்தெருவில் நடந்தது, விற்றவர்கள் ஊரில் மரியாதையோடு வாழ்ந்தவர்கள் என்று பெயரும் முகவரியும் போட்டுக் காட்டினார். அவர் 1945இல் இறந்தபோது சுமார் இருபது லட்சம் டாலரை கொலம்பியாவுக்கு விட்டுப்போனார். எழுதி முடிக்காத நூலுக்குப் பதிலாக மற்றவர்கள் எழுதட்டும் என்று விட்டுப்போனதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். 74ஆம் கேள்விக்கு என் முதல் பதில் அவர் புத்தகத்திலிருந்து கிடைத்தது.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். அதிலிருந்து நான் எடுத்த முதல் புத்தகத்துக்கும் போருக்கும் சம்பந்தமில்லை. அதை எடுத்ததற்குக் காரணம், அதில் வரும் பெண் பிறந்த ஆக்ஸ்ஃபர்டு எங்கள் ஊரிலிருந்து இருபது நிமிட தூரம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டனும் அங்கே பிறந்தவர்தான், இந்தப் பெண்ணுடைய தங்கையின் பேத்தி. லாரல் தாட்சர் உல்ரிச் எழுதிய 'எ மிட்வைஃப்ஸ் டேல்' அது. ஒரு மருத்துவச்சியின் கதை. 1991இல் பான்கிராஃப்ட், புலிட்சர் இரண்டையும் வாங்கியது.

அந்த மருத்துவச்சி மார்த்தா பாலர்டு, 1735இல் பிறந்தவர். 1769 கோடையில் தொண்டை அடைப்பான் நோயில் மூன்று பெண் குழந்தைகளை மூன்று வாரத்துக்குள் பறிகொடுத்தார். பிறகு குடும்பம் வடக்கே, இன்றைய மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றங்கரையில் உள்ள ஹாலோவெல்லுக்குப் போனது. 1785 ஜனவரி முதல் தேதியிலிருந்து 1812இல் சாகும் வரை, இருபத்தேழு வருடம் நாட்குறிப்பு எழுதினார். எல்லாம் ஓரிரு வரி. இன்று மழை. ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது. இன்னார் வீட்டுக்குப் போனேன், பெண் குழந்தை. நூல் நூற்றோம். பிரசவக் கூலி வந்துவிட்டால் ஓரத்தில் இரண்டு பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

அந்த நாட்குறிப்பை அதற்கு முன் யாரும் பார்க்காமல் இல்லை. ஊர் வரலாறு எழுதியவர்கள் பார்த்தார்கள், பொதுவாக ஆர்வம் தரக்கூடியது அதிகம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவச்சிகளின் வரலாறு எழுத வந்தவர்கள்கூட, வீட்டுவேலை பற்றிய அற்ப விஷயங்கள் என்று தாண்டிப் போனார்கள். கொள்ளுப்பேத்தியின் மகள் மேரி ஹோபார்ட் மட்டும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். 1884இல் மருத்துவராகத் தேறிய அதே வருடம் அது அவர் கைக்கு வந்தது. 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். உல்ரிச் அந்த நூலகத்துக்குப் போய் அதைத் திறந்தபோது அவர் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டம் வாங்கியவர். புத்தகத்துக்கு எட்டு வருடம் ஆனது.

அந்த எட்டு வருடத்தில் என்ன செய்தார் என்பதுதான் என்னை அசத்தியது. ஒவ்வொரு பிரசவத்தையும் எண்ணினார்: 816. அவற்றில் பிரசவ நேரத்தில் ஒரு தாய்கூட மார்த்தாவின் கையில் சாகவில்லை. பின்னால் படுக்கையில் இறந்தவர்கள் ஐந்து பேர். முதல் குழந்தை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 38 பேர் திருமணத்துக்கு முன்பே கருவுற்றிருந்தவர்கள். மார்த்தா எழுதிய ஒரு பெயரை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவு, வரிப் பட்டியல், அதே ஊர் ஆண்கள் எழுதிய நாட்குறிப்பு என்று எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்தார். ஆண்கள் எழுதியதில் அரசியலும் தேவாலயமும் இருந்தன. பெண்கள் நூற்றதும் நெய்ததும் கொடுக்கல் வாங்கல் செய்ததும் மார்த்தாவிடம் மட்டும்தான் இருந்தன. ஊரில் பாதி நடந்தது அவர் எழுதாமல் இருந்திருந்தால் காணாமலே போயிருக்கும்.

ஓர் இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைய வழக்கப்படி, திருமணமாகாத பெண்ணுக்குப் பிரசவ வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி கேட்க வேண்டும், குழந்தையின் தகப்பன் யார் என்று. அந்த நேரத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்பது சட்டத்தின் நம்பிக்கை. 1791இல் சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் மார்த்தா அதைக் கேட்டார். சாலி சொன்ன பெயர் ஜொனாதன். மார்த்தாவின் மகன். மார்த்தா அதை அப்படியே எழுதிவைத்தார், கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, மறைக்கவும் இல்லை. சில மாதங்களில் ஜொனாதனுக்கும் சாலிக்கும் கல்யாணம் ஆனது. தன் மகனுக்கு எதிரான சாட்சியையும் தேதி போட்டு எழுதிய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

இப்படி ஒரு புத்தகத்துக்குப் பரிசு கிடைக்கும்போது என்ன நடக்கிறது? மாநில நூலகத்தின் அலமாரியில் இருந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் நாட்குறிப்பு, பிலடெல்பியாவில் கூடி நாட்டை உண்டாக்கியவர்களின் கடிதங்களுக்குச் சமமான ஆவணம் என்று அந்தத் துறையே ஒப்புக்கொள்கிறது. அடுத்து வரும் மாணவி தன் பேராசிரியரிடம் போய், 'எனக்கு ஒரு நெசவுக்காரியின் கணக்குப் புத்தகம் கிடைத்திருக்கிறது' என்று தைரியமாகச் சொல்லலாம்.

எப்போதும் இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டூபாய்ஸ் 1935இல் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி மாபெரும் நூல் ஒன்றை எழுதினார். விடுதலையான கறுப்பின மக்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே எப்படி உண்டாக்கிக்கொண்டார்கள் என்று காட்டிய நூல். அதற்குப் பரிசு இல்லை. துறையின் முதன்மை ஆய்விதழ் அதற்கு மதிப்புரைகூடப் போடவில்லை. கறுப்பினத்தவர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே பெரிய பிழை என்று அந்தக் காலத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த வரலாற்றுப் பள்ளியின் தலைமையிடம், இதே கொலம்பியா. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, அதே கொலம்பியாவின் பேராசிரியர் எரிக் ஃபோனர், டூபாய்ஸ் போட்ட பாதையில் நடந்து 'ரீகன்ஸ்ட்ரக்ஷன்' எழுதினார். 1989இல் அதற்கு பான்கிராஃப்ட் பரிசு. டூபாய்ஸுக்குத் தன் கடன் பெரிது என்பதை ஃபோனர் மறைத்ததே இல்லை. ஆனாலும் அந்த ஐம்பது வருடம் எனக்கு ஆறவில்லை. அந்த வருடங்களில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் எதைப் படித்திருப்பார்கள்?

சாட்சியை யாருடையது என்று பார்த்துத்தான் எடை போட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் குழந்தைகள் பிறந்தன என்று அவர்களுடைய மகன் மேடிசன் 1873இலேயே ஒரு செய்தித்தாளில் சொல்லிவிட்டார். நூறு வருடத்துக்கு மேல் வரலாற்று ஆசிரியர்கள் அதைத் தள்ளிவைத்தார்கள், ஜெஃபர்சனின் வெள்ளைப் பேரப்பிள்ளைகள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். சட்டம் படித்த ஆனெட் கார்டன்-ரீட், இரண்டு சாட்சிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று 1997இல் எழுதிக் காட்டினார். மறுவருடம் மரபணுச் சோதனையும் அவர் பக்கமே வந்தது. பிறகு ஹெமிங்ஸ் குடும்பத்தின் முழு வரலாற்றையும் எழுதி, 2009இல் வரலாற்றுக்கான புலிட்சரை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

பரிசுப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வருடம் 1975. அந்த வருடம் அடிமைமுறை பற்றிய இரண்டு புத்தகங்களுக்கு ஒரே மேடையில் பான்கிராஃப்ட் கொடுத்தார்கள், இரண்டும் எதிரும் புதிருமானவை. ஒன்று யூஜின் ஜெனோவீஸின் 'ரோல், ஜோர்டன், ரோல்'. அடிமைகளின் பாட்டு, பிரார்த்தனை, சமையல், பேச்சு என்று அவர்கள் கட்டிக்கொண்ட உலகத்தைப் பற்றியது. இன்னொன்று ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் எழுதிய 'டைம் ஆன் த கிராஸ்'. எல்லாம் எண்ணிக்கை, கணினி, அட்டவணை. அடிமைப் பண்ணைகள் லாபகரமாகவும் திறமையாகவும் நடந்தன என்று வாதிட்டது.

அந்த இரண்டாவது புத்தகத்தில் லூசியானாவின் பென்னட் பாரோ என்ற முதலாளியின் பண்ணைக் குறிப்பு வரும். இரண்டு வருடத்தில் கொடுத்த சவுக்கடிகளை அவர் எழுதிவைத்திருந்தார். அதை ஆள் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு வருடத்துக்கு 0.7 முறைதான் சவுக்கடி விழுந்தது என்று எழுதினார்கள். கேட்டால் குறைவாகத் தோன்றுகிறது அல்லவா? ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்று ஆசிரியர் அதே கணக்கை எடுத்துத் திருப்பிப் போட்டார். அந்தப் பண்ணையில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சவுக்கால் அடிக்கப்பட்டார். மற்ற எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பண்ணையில் பிறந்து வளரும் ஒரு பிள்ளைக்கு 0.7 என்றால் என்ன அர்த்தம்?

பரிசு வாங்கிய புத்தகத்தை இப்படி வரி வரியாகப் பிரித்துப்போட முடிந்ததற்குக் காரணம், ஃபோகலும் எங்கர்மனும் தங்கள் கணக்கை எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டியிருந்தார்கள். கட்மன் அதே பாரோவின் குறிப்புக்குத் திரும்பிப் போக முடிந்தது. ஃபோகல் பின்னால் 1993இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். சண்டை இன்றும் ஓயவில்லை. நான் ஜெனோவீஸ் பக்கம், கட்மன் பக்கம். ஆனால் இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்து படித்ததில் கற்றுக்கொண்டதை ஒன்றை மட்டும் படித்திருந்தால் கற்றிருக்க மாட்டேன்.

மூலத்துக்குத் திரும்பிப் போனபோது அங்கே ஒன்றுமே இல்லை என்றால்? அது 2001இல் நடந்தது. மைக்கேல் பெலஸீல்ஸ் என்ற எமரி பல்கலைக்கழகப் பேராசிரியரின் 'ஆர்மிங் அமெரிக்கா'வுக்கு அந்த வருடம் பான்கிராஃப்ட் கிடைத்தது. ஆரம்பகால அமெரிக்காவில் துப்பாக்கி அவ்வளவாக இல்லை, உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான் அது வீட்டுக்கு வீடு வந்தது என்பது அவருடைய வாதம். செத்தவர்களின் சொத்துப் பட்டியல்களை ஆயிரக்கணக்கில் பார்த்ததாகவும், 1765 முதல் 1790 வரையிலானவற்றில் 14.7 சதவீதத்தில்தான் துப்பாக்கி இருந்ததாகவும் எழுதினார். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அன்று நான் இந்த நாட்டில் இருந்திருந்தால் நானும் கொண்டாடியிருப்பேன்.

முதலில் சந்தேகம் கேட்டவர்களில் கிளேட்டன் கிராமர் தொழிலில் மென்பொருள் பொறியாளர். அவர் துப்பாக்கி ஆதரவாளர் என்பதால் பல பேராசிரியர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் லிண்ட்கிரன் அந்தச் சொத்துப் பட்டியல்களைத் தேடிப் போனார். உயிலே எழுதாமல் செத்தவர்களின் உயில்கள் கணக்கில் வந்திருந்தன. வேறு தரவுத் தொகுப்புகளில் பாதிக்கும் மேற்பட்ட பட்டியல்களில் துப்பாக்கி இருந்தது. சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றப் பதிவுகளைப் படித்ததாக பெலஸீல்ஸ் சொல்லியிருந்தார். அவை 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்துபோனவை. குறிப்புகளைக் கொடுங்கள் என்றால், மஞ்சள் தாளில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு எண்ணியவை, கட்டடத்தில் தண்ணீர் புகுந்து நாசமாகிவிட்டன என்றார்.

எமரி பல்கலைக்கழகம் இதைப் பற்றி விசாரணை நடத்த வெளியிலிருந்து மூன்று பேரை அழைத்தது. அதில் ஒருவர் லாரல் தாட்சர் உல்ரிச். அதைப் படித்தபோது நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். 816 பிரசவங்களை ஒவ்வொன்றாக எண்ணியவர் இன்னொருவரின் எண்ணிக்கையைச் சரிபார்க்க உட்கார்கிறார். மூவரும் கொடுத்த அறிக்கை கடுமையானது. வேண்டுமென்றே செய்யவில்லை, தவறுகள் இருந்தால் அவை நேர்மையான தவறுகள் என்று பெலஸீல்ஸ் சொன்னார். 2002 அக்டோபரில் வேலையை விட்டார். டிசம்பரில் கொலம்பியாவின் அறங்காவலர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பரிசின் வரலாற்றில் அதுதான் முதல் முறை. பரிசுப் பணம் நாலாயிரம் டாலரையும் திருப்பிக் கேட்டார்கள்.

நடுவர் குழு ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சில மாதத்தில் இருநூறு புத்தகங்களைப் படிக்கும் குழு ஒவ்வொரு காப்பகத்துக்கும் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. ஓர் ஆள் பார்த்தேன் என்று எழுதினால் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தொழிலே நடக்கிறது. பெலஸீல்ஸின் கருத்தோடு ஒத்துப்போன நிறையப் பேர் அந்தப் பரிசைப் பறிக்கச் சொன்ன பக்கத்தில் நின்றார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. தங்களுக்குச் சாதகமான புத்தகம் என்று பார்க்கவில்லை. பட்டியலில் 2001ஆம் வருடத்தைத் தேடும்போதெல்லாம் மற்ற வருடங்களின்மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஹெதர் ஆன் தாம்ப்சனின் 'பிளட் இன் த வாட்டர்', 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்த எழுச்சியைப் பற்றியது. எழுச்சியை அடக்கப் போலீஸ் சிறைக்குள் நுழைந்த காலையில் கைதிகளும் பணயக்கைதிகளுமாக 39 பேர் செத்தார்கள். கைதிகள் பணயக்கைதிகளின் கழுத்தை அறுத்தார்கள் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் எல்லாம் துப்பாக்கிக் குண்டு என்று தெரிந்தது. சுட்டவர்கள் போலீஸ் தரப்பு மட்டுமே. அரசு பூட்டிவைத்த ஆவணங்களைத் தேடி அவர் பதின்மூன்று வருடம் அலைந்தார். 2017இல் புலிட்சரும் பான்கிராஃப்டும் வந்தன.

இரண்டாவது, அபெனாக்கி என்ற பூர்வகுடி மரபைச் சேர்ந்த லிசா புரூக்ஸின் 'அவர் பிலவ்ட் கின்', 2019இல் பான்கிராஃப்ட். பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் இடையே 1675இல் தொடங்கிய 'கிங் பிலிப் போர்' நடந்தது நான் வாரம் தோறும் கார் ஓட்டிப்போகும் இந்த நிலத்தில்தான். வீட்டமூ என்ற பெண் தலைவியையும், அச்சுக்கூடத்தில் வேலை செய்த ஜேம்ஸ் பிரின்ட்டர் என்ற நிப்மக் அறிஞரையும் நடுவில் வைத்து, ஆறுகளின் பெயர்களையும் பூர்வகுடி மொழிச் சொற்களையும் ஆவணமாகப் படித்து எழுதிய நூல். என் குடியுரிமைக் கையேட்டில் இன்னொரு கேள்வி இருந்தது: ஒரு பூர்வகுடியின் பெயரைச் சொல்லவும். நான் செரோக்கி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நிப்மக் மக்களின் மண்ணில் வீடு வாங்கி, அந்தப் பெயரே தெரியாமல் எட்டு வருடம் இருந்திருக்கிறேன்.

2022இல் என் தம்பியின் முறை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அதே நூறு கேள்விகளோடு என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். நான் கேட்க, அவன் சொல்ல, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. 74 வந்தது.

"அக்கா, மூணுல எதைச் சொன்னாலும் சரிதானே?"

"சரிதான். நீ அடிமைமுறைன்னு சொல்லு."

"ஏன்? மாநில உரிமைகள்னா ஈசியா ஞாபகம் இருக்கு."

"எந்த விஷயத்துல உரிமை கேட்டாங்கன்னு பாரு" என்று சொல்லி, 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் பிரிந்துபோகும்போது வெளியிட்ட அறிக்கையைக் கணினியில் எடுத்துக் காட்டினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், தங்கள் நிலை அடிமைமுறையோடு முழுக்க ஒன்றியது என்று. அவன் அதை இரண்டு தடவை படித்தான். அப்புறம் கீழே உருட்டிக்கொண்டே போனான். மற்ற மாநிலங்களும் இப்படி எழுதினார்களா என்று கேட்டான். தென் கரோலினாவினுடையதை எடுத்தோம். அப்புறம் அவன் மேஜையிலிருந்த என் நூலகப் புத்தகத்தை இழுத்து, பின்பக்கத்து அடிக்குறிப்புகளைப் புரட்டி, இந்த எண்ணெல்லாம் என்ன என்று கேட்டான். காப்பகப் பெட்டி எண்கள் என்றேன்.

75ஆவது கேள்விக்கு நாங்கள் போகும்போது இரவு பதினோரு மணி ஆகிவிட்டது.